கள்ளியும் அல்ல, பாலும் அல்ல

கேள்வி: டெக்கிலா, மெஸ்கால் என்று இத்தனை கொண்டாட்டம் எதற்கு? கள்ளிப்பாலைக் காய்ச்சி, புழுவைப் போட்டு அடைத்த சாராயம்தானே அது? ஸ்பானியர் போய்க் கற்றுக்கொடுக்காவிட்டால் மெக்சிகோக்காரர்களுக்கு இது தெரிந்திருக்குமா?
– வாசகர் ஒருவர், உடன்குடி

பதில்: பனையேறிகளின் ஊரிலிருந்து இப்படி ஒரு கேள்வி வந்ததில் எனக்கு வருத்தம்தான்.

அது கள்ளியே இல்லை. அகேவ் என்ற கற்றாழை. நம் ரயில் தண்டவாள ஓரத்தில் முள்நுனியோடு நிற்கும் ஆனைக் கற்றாழைக்குச் சொந்தக்காரன். நம்முடையதும் அந்த நாட்டுப் பக்கத்திலிருந்து வந்ததுதான். புழுவோ ஓர் அந்துப்பூச்சியின் குஞ்சு. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் சில மெஸ்கால் வியாபாரிகள் விற்பனைக்காகப் போட ஆரம்பித்தார்கள். டெக்கிலாவில் அந்த வழக்கம் கிடையாது.

மெஸ்கால் என்ற சொல்லே மெக்சிகோப் பழங்குடிகளின் நவாட்ல் மொழியில் ‘சுட்ட கற்றாழை’ என்று பொருள்படும். ஸ்பானியர் கப்பல் ஏறுவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்த மக்கள் கற்றாழையைக் குழியில் சுட்டுத் தின்றார்கள். அதன் பதநீரைப் புளிக்கவைத்து ‘புல்கே’ என்ற கள்ளாகவும் குடித்தார்கள்.

மெக்சிகோவின் ஓஹாகா மாநிலத்தில் அதிகம் பயன்படும் எஸ்பதீன் என்ற கற்றாழை வகை முற்ற ஆறு முதல் எட்டு ஆண்டு வேண்டும். மலைச்சரிவில் தானாக முளைக்கும் டெபெஸ்டாட்டே வகை 25 ஆண்டுகூட எடுக்கும். கற்றாழை ஒரே ஒரு தடவைதான் பூக்கும், பூத்ததும் செத்துப்போகும். ஆகவே பூந்தண்டு கிளம்பும்போதே வெட்டிவிட்டு, இனிப்பை அடியிலேயே தங்கவைக்கிறார்கள். பிறகு மடல்களைச் சீவினால் பெரிய அன்னாசி மாதிரி ஒரு குருத்து மிஞ்சும். கல் பழுக்க நெருப்பிட்ட குழியில் குருத்துகளை அடுக்கி, மண் போட்டு மூடினால் மூன்று முதல் ஐந்து நாளில் வெந்து பழுப்பாகும். மெஸ்காலின் புகைவாசம் இந்தக் குழியில்தான் பிறக்கிறது. குதிரை இழுக்கும் கல்லுருளையில் அரைத்து, மரத்தொட்டியில் திறந்தபடி போட்டால் காற்றிலுள்ள நுண்ணுயிரே புளிக்கவைக்கும். அப்புறம் இரண்டு தடவை வாலையில், அதாவது காய்ச்சி வடிக்கும் கலத்தில், வடிப்பார்கள். சாந்தா கதரினா மினாஸ் ஊரில் இன்றும் மண்பானைதான் வாலை.

பதம் பார்ப்பதைக் கேளுங்கள். நாணல் குழாயால் கொஞ்சம் உறிஞ்சி, திருவோட்டுக்காய்க் குடுக்கையில் உயரத்திலிருந்து விடுகிறார் கைதேர்ந்தவர். மேலே முத்து முத்தாக நுரை கட்டும். முத்து நின்றால் காரம் சரி; சட்டென்று உடைந்தால் இன்னும் கலந்து சரிசெய்ய வேண்டும். கருப்பட்டிப் பாகை விரலில் தொட்டுப் பதம் சொல்லும் உங்கள் ஊர்ப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

ஸ்பானியரிடமும் செப்பு வாலை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகாபுல்கோ துறைமுகத்துக்கும் ஓடிய கப்பல்களில் பிலிப்பைன்ஸ் தீவுக்காரர்களும் வந்து இறங்கினார்கள். தென்னை ஏறத் தெரிந்தவர்கள். கள்ளை இறக்கி, குடைந்த மரத்தண்டின் மேல் குளிர்நீர்ச் சட்டி வைத்து வடிக்கவும் தெரிந்தவர்கள். மேற்கு மெக்சிகோவில் கொலிமா கரையில் அவர்கள் வடித்த தென்னஞ்சாராயம் ஸ்பானிய மதுவின் விற்பனையைக் கெடுத்ததால் அரசு தடைபோடப் பார்த்தது. அந்த வாலைதான் கற்றாழைக்குக் கைமாறியது என்று ஆய்வாளர்கள் பலர் வாதிடுகிறார்கள். எனக்கும் அதுதான் சரியெனப் படுகிறது. மேற்கு மெக்சிகோவின் பழைய வாலைகள் அதே வடிவில் இருக்கின்றன. இந்த மரமேறிகளின் பெயர் எந்தப் பாட்டிலிலும் இல்லை. எல்லாப் பெருமையையும் ஸ்பானியர் கணக்கில் எழுதுவது அநியாயம்.

டெக்கிலா என்று விற்பதிலும் எல்லாம் ஒன்றல்ல. 51 சதவீதம் கற்றாழைச் சர்க்கரை இருந்தாலே சட்டப்படி அந்தப் பெயர் போடலாம். மிச்சம் கரும்பிலிருந்தும் வரலாம். நீங்கள் குறை சொல்வதென்றால் அதைச் சொல்லுங்கள், உடன் நிற்கிறேன்.

கொலிமாவில் இன்றும் ‘தூபா’ விற்கிறார்கள். புளிக்காத இனிப்புத் தென்னம்பதநீர். சுரைக்குடுக்கையிலிருந்து ஊற்றி, மேலே வேர்க்கடலை தூவிக் கொடுப்பார்கள். தூபா என்பது பிலிப்பைன்ஸில் கள்ளுக்குப் பெயர்.