முதல் மரம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பல்கலைக்கழக விடுமுறையில் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் மண்ணில் வேலை செய்தேன். முதலில் பினாங்கு பாலிக் பூலாவில் ஒரு டுரியான் தோட்டம். பிறகு கோலாலம்பூர் திரும்பி, பங்சாரில் மின்கம்பிகளுக்குக் கீழே இருக்கும் சமூகத் தோட்டத்தில் தொண்டூழியம். டுரியானைப் பறிப்பதில்லை, அது தானாக விழும்வரை காத்திருப்பார்கள் என்பதே எனக்குப் புதிது. விடியலில் பனிக்குள் நின்று அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்தபோது, கோவிலில்கூடக் கிடைக்காத அமைதி கிடைத்தது. மழையில் நனைந்தபடி நின்றேன். மண்ணுக்கு ஏழை, பணக்காரன் கிடையாது என்று புரிந்தது. கூட வேலை செய்த இரண்டு வங்காளதேச அண்ணன்கள் அன்பாக நடந்துகொண்டார்கள்.

வீட்டில் சொன்னதும் பாட்டி அழுதுவிட்டார். "நீ மம்பட்டி புடிக்கக் கூடாதுன்னுதானே தோட்டத்த விட்டு வந்தோம்" என்கிறார். எனக்குக் கிடைத்த அமைதி உண்மையா, இல்லை வசதி வந்தபின் வந்த விளையாட்டா?

கி., செந்தூல்

அன்புள்ள கி.,

உங்களுக்குக் கிடைத்த அமைதி உண்மைதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டுரியான் இரவில் பூக்கிற மரம். வௌவால்கள் வந்து மகரந்தம் சேர்க்கின்றன. பிறகு மூன்று, நான்கு மாதம் காய் தன் பாட்டுக்கு முற்றி, தானே காம்பு விட்டு விழுகிறது. இத்தனையும் நம்மைக் கேட்காமல் நடக்கிறது. அதன் கீழே கூடையோடு நிற்கிறவருக்கு மனம் அடங்காமல் இருந்தால்தான் அதிசயம்.

ஆனால் மண்ணுக்கு ஏழை, பணக்காரன் கிடையாது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். அம்மா பால்வெட்டுத் தொழிலாளி. குளிர் இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும் என்பதால் காலை 4.30 மணிக்கே எழுந்துவிடுவார். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போய்ப் பேர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள், மர வரிசைக்குள், இறங்குவார். பள்ளி விடுமுறையில் பால் பிடிக்கும் மங்கு துடைக்க நானும் கூடப் போயிருக்கிறேன். முதல் மரத்திடம் போனதும் அம்மா உடனே கத்தி வைக்க மாட்டார். இடது கையால் பட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அப்புறம்தான் வெட்டு. என்ன வேண்டிக்கொண்டார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

அதே அம்மா மழைக்கு எப்படிப் பயந்தார் தெரியுமா? பட்டை நனைந்தால் பால் வெட்டு வழியே ஓடாது, மரம் முழுக்கப் பரவி வீணாகும். மங்கில் விழுந்தது மழைநீரோடு கலந்துவிடும். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் எங்களுக்கு அன்றைய கூலியும் இல்லை. இரவு மூன்று மணிக்குத் தகரக் கூரையில் முதல் துளி விழும் சத்தம் கேட்டு அம்மா எழுந்து உட்கார்ந்துவிடுவார். இருட்டில் அவர் உட்கார்ந்திருந்த அந்த உருவம் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. உங்களை நனைத்ததும் அந்த மழைதான். அது நின்றாலும் நிற்காவிட்டாலும் உங்களுக்கு அன்று சோறு இருந்தது.

இதை உங்களைக் குற்றவாளியாக்கச் சொல்லவில்லை. வேண்டாம் என்று தோன்றினால் மறுநாளே பஸ் ஏறி வீட்டுக்கு வர உங்களால் முடிந்தது. பாட்டிக்கும் என் அம்மாவுக்கும் அது முடியாமல் இருந்தது. தோட்டம் என்று நீங்கள் சொல்லும்போது உங்களுக்குக் கீரைப் பாத்தி தெரிகிறது. பாட்டிக்கு லயத்து வரிசை வீடும், ஆள் மேய்க்கும் கங்காணியும், கணக்கெழுதும் கிராணியும் தெரிகிறார்கள். நம் ஊர்த் தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லாகிப் போனதுதான் உங்கள் வீட்டுச் சண்டைக்குப் பாதிக் காரணம்.

இன்னொன்று. நீங்கள் வேலை செய்த அந்தச் சமூகத் தோட்டம் 2017இல்தான் தொடங்கியது. பங்சாரே ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம்தான். புங்கே, கிரிசார் என்ற இரண்டு ஐரோப்பிய முதலாளிகளின் பெயர்கள் ஒட்டித்தான் பங்சார் ஆனது என்பார்கள். நீங்கள் கங்கோங் கீரை விதைத்த மேட்டில் நம்மவர்கள் பால் வெட்டியிருக்கக்கூடும். பாட்டியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

அந்த வங்காளதேச அண்ணன்களைப் பற்றியும் கேட்க வேண்டும். பனிக்கும் அமைதிக்கும் அத்தனை வரி எழுதிய நீங்கள் அவர்களுக்கு ஒரே ஒரு வரிதான் கொடுத்திருக்கிறீர்கள். டுரியான் விழுகிற சத்தம் அவர்கள் காதில் எப்படி விழுகிறது? ஊரில் கடன் வைத்துவிட்டு வந்தவர்களா? கடைசியாக எப்போது வீட்டுக்குப் போனார்கள்? நம் முன்னோர் கப்பலேறி வந்ததும் இப்படித்தான். 1938இல் இந்திய அரசு கூலியாட்களை அனுப்புவதைத் தடை செய்யும்வரை கங்காணிகள் கிராமம் கிராமமாய்ப் போய் ஆள் சேர்த்தார்கள். உங்கள் பாட்டியின் இளமை இப்போது அந்த டுரியான் மரத்தடியில் வேறு மொழி பேசிக்கொண்டிருக்கிறது. அவர்களை நன்றாகப் பார்க்கப் பழகினால், அந்த அமைதி இன்னும் ஆழமாகும் என்றே நம்புகிறேன். பக்கத்தில் வேலை செய்கிறவரைப் பார்க்காத தியானத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை.

எங்கள் தோட்டம் பின்னாளில் வீடமைப்புக்கு விற்கப்பட்டது. மரங்களை மட்டுமல்ல, நிரைக்கோடியில் இருந்த முனியாண்டியையும் பெயர்த்தார்கள். அம்மா எங்களோடு நாலாவது மாடி பிளாட்டுக்கு வந்தார். "இனி எந்த மரத்துக்கும் நான் அடிமையில்ல" என்று சொல்லிக்கொண்டே படியேறியது நினைவிருக்கிறது. ஒரு வருடம் செடியின் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு நாள் காலி மைலோ டின்னில் ஆணியால் ஓட்டை போட்டு, கீழே கார் நிறுத்துமிடத்து ஓரத்திலிருந்து சிவப்பு மண் அள்ளி வந்து, கறிவேப்பிலைக் கன்று வைத்தார். அது இடுப்பளவு வளர்ந்தது. ரசத்துக்கு ஒரு கொத்து ஒடிக்கப் போகும்போதெல்லாம், முதலில் இடது கையால் தண்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். யாரும் பெரட்டுக்குக் கூப்பிடாத காலத்திலும் அது நிற்கவில்லை.

பாட்டியிடம் வாதாட வேண்டாம். ஒரு சனிக்கிழமை காலை, வெயில் ஏறுமுன் பங்சாருக்கு அழைத்துப் போங்கள். நிழலில் ஒரு நாற்காலி போடுங்கள். நீங்கள் மம்பட்டி பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். பிடித்தது தப்பு என்று அவரே எழுந்து வந்தாலும் வரலாம்.

அதற்கு முன் ஒன்று பார்த்து எழுதுங்கள். செந்தூல் வீட்டில் பாட்டி ஏதாவது செடி வைத்திருக்கிறாரா?

அன்புடன்.