ரோபோவின் குணத்தை எதை வைத்து முடிவு செய்வது?

எல்லா இடத்துக்கும் கலகலப்பான ஒரே ரோபோ போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. நான் பாளையங்கோட்டைக்காரன், பேச்சைக் கேட்டுப் பதில் சொல்லும் மென்பொருள்தான் என் வேலை என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

2014-ல் வெளியான ஓர் ஆய்வில் மருத்துவ உதவி ரோபோ கலகலப்பாகவும் காவல் ரோபோ அளந்து பேசுவதாகவும் இருந்தபோதுதான் மக்களுக்குப் பிடித்தது. இந்த வேலைக்காரர் இப்படித்தான் இருப்பார் என்று நம் மனதில் ஏற்கெனவே ஒரு கணக்கு இருக்கிறது. இயந்திரத்திடமும் அதையே எதிர்பார்க்கிறோம்.

ஆனால் ஆஸ்பத்திரி என்றால் கலகலப்பு என்று அதோடு விட்டுவிட முடியாது. எங்கள் ஊர் ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியின் ஓ.பி. சீட்டு வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று ரோபோ கேட்டால், வரிசையில் நிற்கும் ஆச்சி நாள் கணக்குச் சொல்ல மாட்டார். "போன வெள்ளிக்கெழம ஆழ்வார்குறிச்சிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தேன்லா..." என்று தொடங்கி, சற்று நிறுத்தி யோசித்து, "அன்னையில இருந்தே மேலுக்கு முடியல" என்று முடிப்பார். பல மென்பொருள்கள் ஒரு விநாடி மௌனத்தையே பேச்சு முடிந்ததாக எடுத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிடும். குரல் எவ்வளவு இனிமையாக இருந்தால் என்ன, ஆச்சிக்கு அது மட்டுமரியாதை இல்லாத பிள்ளைதான். காத்திருக்கும் நேரம், பேசும் வேகம், சத்தம், நடுவில் போடும் ஒரு "ம்" இவையெல்லாம் சேர்ந்ததுதான் அங்கே குணம்.

அதே ரோபோவை திருநெல்வேலி டவுனில் அல்வாக் கடை முன்னால் நிறுத்தினால் அந்த நிதானமே தொல்லை. "அண்ணாச்சி, காலா அரையா?" என்று சட்டென்று கேட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்க்க வேண்டும். நெல்லையப்பர் கோயில் பிராகாரத்தில் வழி சொல்ல வைத்தால், கேட்டால் மட்டும் வாய் திறக்கட்டும்.

பேசவே பேசாத குணமும் உண்டு. ஜப்பானில் தகனோரி ஷிபதா உருவாக்கிய பாரோ, மறதி நோயுள்ள முதியவர்களுக்குத் துணையாக இருக்கும் சீல் குட்டி ரோபோ. வருடினால் முனகும், தலையைத் திருப்பும், அவ்வளவுதான். பூனை உருவம் என்றால் வீட்டுப் பூனையோடு ஒப்பிட்டு மக்கள் குறை காண்கிறார்கள் என்பதால்தான் யாரும் வளர்த்துப் பழகாத சீலைத் தேர்ந்தெடுத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு அது.

அப்புறம், ஊர்ப் பேச்சு. நெல்லைத் தமிழ் முழுக்க ரோபோவுக்குப் புரிய வேண்டும், அதில் சமரசமே கூடாது. ஆனால் "ஏலே", "வே" என்று கூப்பிடுவதெல்லாம் உரிமை உள்ளவர்கள் வாயில்தான் பொருந்தும். ரோபோ "சொல்லுங்க" என்றே பேசட்டும்.