ஹிப்பிகள் காலத்துப் போர் எதிர்ப்பு இப்போது ஏன் அப்படி இல்லை?

ஹிப்பி என்றால், 1960களின் நடுவில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பக்கம் கிளம்பிய இளைஞர் கூட்டம். நீண்ட முடி, கூட்டு வாழ்க்கை, சம்பாத்தியமே வாழ்க்கை என்ற அப்பா அம்மாவின் கணக்கை ஏற்காத மனசு. வியட்நாம் போரை எதிர்த்தவர்களில் இவர்களும் உண்டு. 1967 அக்டோபரில் அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன் வாசலில் நின்ற சிப்பாய்களின் துப்பாக்கிக் குழலில் பூச்செருகிய காட்சி இன்றும் நினைவில் நிற்கிறது.

அன்றைய கோபத்துக்கு முக்கியக் காரணம் கட்டாய ராணுவ சேவை. 1969 டிசம்பர் 1 இரவு, யாரை முதலில் ராணுவத்துக்கு அழைப்பது என்று முடிவு செய்யும் குலுக்கல். ஒரு கண்ணாடி ஜாடியில் 366 நீல நிற பிளாஸ்டிக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பிறந்த தேதி. முதலில் வந்தது செப்டம்பர் 14. அந்தத் தேதியில் பிறந்த பையன்களின் வீடுகளை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

1973இல் கட்டாய ஆள்சேர்ப்பு நின்றது. அதன்பின் போர் பெரும்பாலான வீடுகளுக்குச் செய்தியாகிவிட்டது. நம் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தால் ராத்திரியெல்லாம் தண்ணீர் இறைப்போம். வேறு ஊர் வெள்ளத்துக்கு வருத்தப்படுவோம், அவ்வளவுதான்.

ஆனாலும் எதிர்ப்பு அடங்கவில்லை. 2003 பிப்ரவரி 15 அன்று, இராக் போர் தொடங்கும் முன்பே, உலகெங்கும் நூற்றுக்கணக்கான நகரங்களில் பல லட்சம் பேர் தெருவுக்கு வந்தார்கள். போர் நிற்கவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறாத வேதனை.

வியட்நாம் போரை எதிர்த்தவர்கள் எல்லாரும் ஹிப்பிகள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மாணவர்கள், பாதிரியார்கள், தாய்மார்கள் எல்லாம் அதில் இருந்தார்கள், 1971 ஏப்ரலில் வாஷிங்டன் நாடாளுமன்றப் படிகளை நோக்கித் தங்கள் பதக்கங்களை வீசியவர்கள் வியட்நாமில் போரிட்டுத் திரும்பிய சிப்பாய்கள்.