ஹோலோ போக்கிமான் கார்டு வளைந்தால்

கனமான புத்தகத்துக்கு அடியில் வைத்தும் உங்கள் ஹோலோ கார்டு (மினுங்கும் படலம் உள்ள கார்டு) மறுபடி வளைகிறது என்றால், எடையை விட்டுவிட்டு ஈரப்பதத்தைச் சரிசெய்யுங்கள்.

அட்டை காற்றின் ஈரத்தை உறிஞ்சி விரியும். மினுங்கும் படலம் அப்படி விரியாது. அந்த இழுபறிதான் வளைவு.

எந்தப் பக்கம் வளைகிறது என்று பாருங்கள். படமுள்ள முகம் உட்குழிந்திருந்தால் ஈரம் அதிகம். வெளியே புடைத்திருந்தால் அட்டை காய்ந்திருக்கிறது.

1. மெல்லிய ஸ்லீவில் (பிளாஸ்டிக் உறையில்) போடுங்கள்.
2. காற்றுப் புகாத டப்பாவில், 49 சதவீத இருவழி ஈரப்பதப் பையுடன் (ஈரம் கூடினால் உறிஞ்சி, குறைந்தால் வெளிவிடும் சிறு பை) சில நாள் வையுங்கள். சிலிக்கா ஜெல் வேண்டாம்; அளவுக்கு மீறி உறிஞ்சி எதிர்ப்பக்கம் வளைத்துவிடும்.
3. நிமிர்ந்த பிறகே டாப்லோடரில் (கெட்டிப் பிளாஸ்டிக் உறையில்) போடுங்கள்.

இஸ்திரிப்பெட்டி, ஹேர் ட்ரையர் பக்கமே போகாதீர்கள். மடிப்புக் கோடு விழுந்திருந்தால் இது உதவாது. அங்கே அட்டையின் நாரே ஒடிந்திருக்கும்.