எழுபத்தைந்து வாழைப்பழக் கணக்கு

போன இதழில் நனிசைவம் (பால், தயிர்கூட இல்லாத சைவம்) பற்றி நாலு வரி எழுதியதற்குக் கடிதங்கள் குவிந்துவிட்டன. திட்டியவை பாதி, கேள்வி பாதி. கேள்விகளுக்கு மட்டும் இங்கே.

எனக்கு 27 வயது, கோவையில் கணினி வேலை. எட்டு மாதமாக அடுப்பில் வைத்த எதையும் தொடுவதில்லை, பாலும் இல்லை தயிரும் இல்லை. காலையில் 5 பச்சை வாழைப்பழம், மதியம் அரைக் கிலோ பப்பாளியும் இரண்டு மாம்பழமும், மாலையில் ஒரு மூடி தேங்காயும் ஆறு பேரீச்சம்பழமும், இரவு ஒரு கிலோ தர்ப்பூசணி. 68 கிலோ இருந்தவன் இப்போது 59. மலச்சிக்கல் போயே போச்சு. ஆனால் முடி கொத்தாக வருகிறது, ஜிம்மில் முன்பு தூக்கிய எடையைத் தூக்க முடியவில்லை. 'கழிவு வெளியேறுகிறது, பொறு' என்கிறார்கள் நண்பர்கள். தாய்ப்பாலிலேயே புரதம் 5 சதவீதம்தான், அதைக் குடித்தே குழந்தை இரண்டு மடங்காகிறது, வாழைப்பழத்திலும் அதே 5 சதவீதம் இருக்கிறது, அப்புறம் என்ன பயம் என்கிறார்கள். சரியா?
– வாசகர், கோவை

சாப்பிடுவதை எடையோடு எழுதி அனுப்பினீர்களே, அதற்கே ஒரு நன்றி. உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். வாழைப்பழம் ஐந்தில் ஐந்தரை கிராம் புரதம், பப்பாளியில் இரண்டரை, மாம்பழத்தில் மூன்று, தேங்காயில் ஐந்து, பேரீச்சையில் ஒன்று, தர்ப்பூசணியில் ஆறு. மொத்தம் 23 கிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் சொன்ன கணக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். நீங்கள் 68 கிலோ இருந்தபோது வேண்டியிருந்தது 56 கிராம். பாதிகூட வரவில்லை, அதுவும் ஜிம்முக்குப் போகிறவருக்கு.

கலோரியும் 1,900-ஐத் தொடவில்லை. சாப்பாடு போதாதபோது உடம்பு கிடைக்கிற புரதத்தையும் விறகாக எரித்துவிடும், தசைக்கு மிஞ்சாது. போன ஒன்பது கிலோவில் கொழுப்பு மட்டும் போயிருக்கும் என்று நினைக்காதீர்கள், ஜிம்மில் தூக்க முடியாமல் போனதே அதற்குச் சாட்சி. முடியும் அப்படித்தான்: உடம்புக்குத் தட்டுப்பாடு வந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொட்ட ஆரம்பிக்கும், அதனால்தான் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாமல் 'சூப்பராக இருக்கேன்' என்று எல்லோரும் சொல்கிறார்கள். எட்டு மாதமாகவா கழிவு வெளியேறும், தம்பி?

இனி தாய்ப்பால். இந்த வாதத்தைக் கேட்காத மாதமில்லை, அதில் ஒரு பாதி உண்மை இருப்பதால்தான் அது எடுபடுகிறது. கலோரிக் கணக்கில் இரண்டிலும் புரதம் சுமார் 5 சதவீதம், சரி. ஆனால் ஐந்து கிலோக் குழந்தை ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் பால் குடிக்கும். அதாவது சுமார் 500 கலோரி, எடையில் கிலோவுக்கு 100. அதே வேகத்தில் 68 கிலோ ஆள் சாப்பிட்டால் 6,800 கலோரி வரும், எழுபத்தைந்து வாழைப்பழம்! அத்தனையும் உள்ளே போனால் புரதம் தாராளமாகக் கிடைக்கும், நான் மறுக்கவே இல்லை. நீங்கள் சாப்பிடுவது ஐந்து. குழந்தைக்குச் சதவீதம் குறைந்தாலும் அளவு பெரிது, நமக்கு அப்படி இல்லை. தவிர தாய்ப்பாலில் இருக்கும், புரதத்தை உருவாக்கும் அமினோ அமிலங்களின் கலவை வேறு, பழத்தினுடையது வேறு.

என்ன செய்யலாம்? நனிசைவத்தை விடச் சொல்லவில்லை, பழத்தையும் விட வேண்டாம். இருப்பதோடு ஒரு நாளைக்கு 75 கிராம் நிலக்கடலை (ஊறவைத்தோ வறுத்தோ), அதில் 19 கிராம் வந்துவிடும். 50 கிராம் கொண்டைக்கடலையை வேகவைத்துச் சுண்டலாக்கினால் 10. ஒரு கைப்பிடி பூசணி விதை 7. கூட்டிப் பாருங்கள், 59. கடலைக்கு ஆகும் செலவு உங்கள் பேரீச்சைச் செலவை எட்டாது. சுண்டலுக்கு மட்டும் அடுப்பு பற்றவைக்க வேண்டும், அந்த விரதத்தை அங்கே கொஞ்சம் தளர்த்துங்கள். பயறும் தானியமும் ஒரே வேளையில் சேர வேண்டுமென்ற கவலை வேண்டாம், நாள் முழுக்கச் சாப்பிடுவதில் கலந்தால் போதும்.

யானை இலை தழை தின்றுதானே அவ்வளவு பெரிய உடம்பு வளர்க்கிறது? அதற்கு யார் புரத மாவு கரைத்துக் கொடுத்தார்கள்?
– வாசகர், ஈரோடு

யாரும் கொடுக்கவில்லை. அது நூற்றைம்பது கிலோ தீவனத்தை நாளெல்லாம் நின்று தின்கிறது, பெருங்குடலில் நுண்ணுயிர்களை வைத்து நொதிக்க வைக்கிறது. உங்களுக்கு அந்த வயிறும் இல்லை, அவ்வளவு நேரமும் இல்லை, ஆபீஸ் போக வேண்டும்.

காந்தியே பழமும் கடலையும் தின்று வாழ்ந்தவர்தானே? அவருக்கு ஒத்துக்கொண்டது நமக்கு ஏன் ஒத்துக்கொள்ளாது?
– வாசகி, மதுரை

பாதிக் கதையோடு நிறுத்திவிட்டீர்கள், அம்மா. தென்னாப்பிரிக்காவில் 1912-ல் டால்ஸ்டாய் பண்ணையில் இருந்தபோது பாலை விட்டார், நிலக்கடலை, வாழைப்பழம், பேரீச்சை, எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய் என்று ஓட்டினார், உண்மை. கடலை அதில் இருந்ததைக் கவனியுங்கள், வெறும் பழமில்லை. 1918-ல் கடும் சீதபேதி வந்து எழுந்திருக்கவே முடியாமல் கிடந்தார். உங்கள் சபதம் பசும்பாலையும் எருமைப் பாலையும் பற்றித்தானே, ஆட்டுப்பாலுக்கு என்ன தடை என்று கஸ்தூரிபா கேட்டார். காந்தி ஒப்புக்கொண்டார், ஆனால் மனசு கடைசிவரை உறுத்தியது. 1929-ல் மறுபடி சமைக்காத உணவைச் சோதித்தார், முளைகட்டிய கோதுமை, முளைகட்டிய கடலை, பச்சைக்கீரை என்று. உடம்பு தளர்ந்து, வயிறு கெட்டு, சில மாதங்களில் அதையும் விட்டார். சோதித்ததை எழுதியது போலவே தோற்றதையும் தன் பத்திரிகையிலேயே எழுதினார். எனக்கு அவரிடம் பிடித்தது அதுதான்.

ஸ்பைருலினா (ஒரு நீர்ப்பாசி) மாத்திரை சாப்பிடுகிறேன், காய்கறியை அதிகம் கழுவாமல் சாப்பிட்டால் மண்ணிலிருந்து வைட்டமின் பி12 கிடைக்கும் என்றும் ஒருவர் சொன்னார். நான் மூன்று வருட நனிசைவன். இது போதுமா?
– வாசகர், புதுச்சேரி

போதாது, இரண்டும். புரதம் பற்றி வந்த கடிதங்கள் அத்தனைக்கும் நடுவில் பி12 பற்றி வந்தது உங்கள் ஒரு கடிதம்தான். நான் நியாயமாக இந்தப் பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்க வேண்டும். புரதக் குறையைக் கடலையும் சுண்டலும் சரிசெய்துவிடும், பி12 குறையை அப்படிச் செய்ய முடியாது.

பி12-ஐ எந்தச் செடியும் செய்வதில்லை, பாக்டீரியாதான் செய்கிறது. மாட்டின் முதல் வயிற்றில் பாக்டீரியா அதைச் செய்கிறது, பிறகு வரும் சிறுகுடல் அதை உறிஞ்சிக்கொள்கிறது. நம் உடம்பிலும் அந்தப் பாக்டீரியா இருக்கிறது, ஆனால் பெருங்குடலில். உறிஞ்சும் இடமோ சிறுகுடலின் கடைசிப் பகுதி. பஸ் நிற்கும் இடத்தைத் தாண்டிப் போய் நின்றுகொண்டு கையைக் காட்டுகிற மாதிரி, பயனில்லை. ஸ்பைருலினாவில் இருப்பதில் பெரும்பகுதி பி12 போலவே தோற்றமளிக்கும் வேறு பொருள், உடம்புக்கு வேலை செய்யாது. கழுவாத காய்கறியில் பி12 வருகிறதோ இல்லையோ, பூச்சிமருந்தும் வயிற்றுப்போக்கும் வரும்.

கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் இரண்டு மூன்று வருடம், சிலருக்கு ஐந்து வருடம்கூட ஒன்றும் தெரியாது. பழமும் கீரையும் நிறையச் சாப்பிடுபவர்களுக்கு ஃபோலேட் என்ற வைட்டமின் ஏராளம், அது ரத்தசோகையை மறைத்துவிடும், ஹீமோகுளோபின் அழகாக இருக்கும், உள்ளே நரம்பு மட்டும் கெட்டுக்கொண்டிருக்கும். என்னிடம் வந்த ஒருவர் சொன்ன முதல் அறிகுறி என்ன தெரியுமா? நடந்துகொண்டிருக்கும்போதே காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்திருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. பின்னால் வந்தவர் கூப்பிட்டுச் சொல்லித்தான் திரும்பிப் பார்த்திருக்கிறார். பிறகுதான் பாதத்தில் பல மாதமாக எறும்பு ஊர்வது போல இருந்தது ஞாபகத்துக்கு வந்திருக்கிறது. இப்போது ஊசி போட்டுக்கொள்கிறார், கொஞ்சம் தேறியிருக்கிறது, முழுதாக இல்லை.

நீங்கள் மூன்று வருடம் ஆனவர். ரத்தத்தில் பி12, கூடவே ஹோமோசிஸ்டீன் (பி12 குறைந்தால் ரத்தத்தில் ஏறும் பொருள்) அளவையும் பாருங்கள். மாத்திரையை மருத்துவரைக் கேட்டு ஆரம்பியுங்கள், விலை அதிகமில்லை. மாத்திரையில் இருக்கும் பி12 பாக்டீரியாவை வளர்த்து எடுப்பதுதான், கொள்கைக்கு இடைஞ்சல் இல்லை. மேலுறை விலங்குப் பொருளில் செய்த ஜெலட்டினா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இயற்கை உணவுக்கு மாறியதிலிருந்து எனக்கு நான்கு மாதமாக விலக்கு வரவில்லை, வயது 31. 'உடம்பு சுத்தமாகிவிட்டது, கழிவு இல்லாததால் வரவில்லை' என்கிறார் குழுவை நடத்தும் அக்கா. நிம்மதியாக இருக்கலாமா?
– பெயர் வேண்டாம், சேலம்

வேண்டாம். முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள், அப்புறம் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். மாதவிலக்கு கழிவு அல்ல. தனக்கே சோறு போதாதபோது கரு தாங்க முடியாது என்று மூளை கணக்குப் போட்டு அந்த வேலையை நிறுத்தி வைக்கிறது. ஜெர்மனியில் கீசென் பல்கலைக்கழகத்தார் சமைக்காமலே சாப்பிடும் பச்சை உணவுக்காரர்களை ஆராய்ந்து 1999-ல் வெளியிட்டதில், 45 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்களில் சுமார் 30 சதவீதத்தினருக்கு விலக்கு தவறிப்போயிருந்தது அல்லது நின்றே போயிருந்தது. பச்சை உணவின் பங்கு கூடக்கூட, எடை குறையக் குறைய இது அதிகமாக இருந்தது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்தால் எலும்பும் கரையும், அது வெளியே தெரியவே தெரியாது. எடையைக் கூட்டுங்கள், சமைத்த பருப்பும் சோறும் சாப்பிடுங்கள். அக்காவுக்கு என் பெயரைச் சொல்லிப் பதில் சொல்லலாம், கோபித்துக்கொண்டால் பரவாயில்லை.

மகள் ஐந்து மாதம் முழுகாமல் இருக்கிறாள். மாப்பிள்ளை பேச்சைக் கேட்டுப் பழம், தேங்காய் மட்டும்தான், உப்புகூடச் சேர்ப்பதில்லை. நான் சொன்னால் சண்டை. எழுதுங்கள், படிக்கக் கொடுக்கிறேன்.
– ஒரு அம்மா, திருநெல்வேலி

மகளே, மாப்பிள்ளையும் சேர்ந்து படிக்கட்டும். உங்களுக்குச் சாதாரணமாகவே ஒரு நாளைக்கு சுமார் 46 கிராம் புரதம் வேண்டும், இப்போது அதற்கு மேல் 9.5 கிராம், கடைசி மூன்று மாதத்தில் 22 கிராம் கூடுதல். பழம் தேங்காயில் இது நடக்காது. உப்பை விட்டதில் இன்னொன்றையும் விட்டிருக்கிறீர்கள், அயோடின். நம் ஊரில் பலருக்கு அது வருவது பாக்கெட் உப்பில்தான், குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அது வேண்டும். பி12 குறைவோடு பிறந்து தாய்ப்பாலிலும் அது கிடைக்காத குழந்தை, நாலைந்து மாதத்தில் சிரிப்பதையும் தலை நிற்பதையும் மறந்துவிடும், இது பாடப்புத்தகத்தில் இருக்கும் விஷயம், பயமுறுத்தல் இல்லை. நனிசைவமாகவே இருங்கள், ஆனால் பருப்பு, சோயா, கடலை, சமைத்த கீரை, உப்பு, பி12, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்பு-ஃபோலிக் மாத்திரை எல்லாம் வேண்டும். இந்த வாரமே மருத்துவரிடம் சாப்பாட்டை மறைக்காமல் சொல்லுங்கள்.

பச்சைப்பயறை முளைகட்டினால் புரதம் இரண்டு மடங்காகும் என்கிறார்களே?
– வாசகி, தஞ்சாவூர்

தண்ணீர்தான் கூடும். காய்ந்த பயறு 100 கிராமில் 24 கிராம் புரதம், அதே பயறு ஊறி முளைத்து எடை கூடினால் 100 கிராமில் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். செரிப்பது கொஞ்சம் எளிதாகும், வைட்டமின் சி வரும், அந்த லாபம் உண்மை. ஆனால் வெதுவெதுப்பான ஈரத்துணிக்குள் கிருமியும் சேர்ந்து வளரும். 2011-ல் ஜெர்மனியில் வெந்தய முளையிலிருந்து பரவிய ஈ. கோலை கிருமியால் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆவியில் ஐந்து நிமிடம் வைத்துவிட்டுத் தாளித்துச் சாப்பிடுங்கள். ராஜ்மாவை மட்டும் முளைகட்டினாலும் பச்சையாகத் தொடாதீர்கள், நாலைந்து விதை போதும் வாந்தியெடுக்க.

அப்பாவுக்கு 64, பதினொரு வருடமாகச் சர்க்கரை, மெட்ஃபார்மின் போடுகிறார். சிறுநீரகப் பரிசோதனையில் கிரியேட்டினின் 2.1. யாரோ சொன்னதைக் கேட்டு மாத்திரையை நிறுத்திவிட்டு வாழைப்பழம், இளநீர், தேங்காய் என்று ஆரம்பிக்கப் போகிறாராம். நாங்கள் என்ன செய்வது?
– வாசகர், திருவாரூர்

ஆரம்பிக்க விடாதீர்கள். மேலே மற்றவர்களுக்கு எழுதிய கடலை, சுண்டல் கணக்கும் அவருக்குப் பொருந்தாது, சிறுநீரகம் இந்த நிலையில் இருந்தால் புரதத்தை எவ்வளவு என்று நிபுணர்தான் அளந்து சொல்ல வேண்டும். பழத்தில் சர்க்கரை ஏறும் என்பது இரண்டாவது கவலை, முதல் கவலை பொட்டாசியம். ஒரு வாழைப்பழத்தில் 350 மில்லிகிராமுக்கு மேல், ஒரு இளநீரில் 600-ஐத் தாண்டும். பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாமல் ரத்தத்தில் தேங்கினால், எந்த அறிகுறியும் காட்டாமல் இதயத் துடிப்பு தாறுமாறாகும். குளிர்ச்சி என்று நினைத்துத்தான் குடிப்பார், பாவம். மெட்ஃபார்மினும் இந்தக் கிரியேட்டினினில் தொடரலாமா, அளவைக் குறைக்க வேண்டுமா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது. பல வருடம் அந்த மாத்திரை போட்டவர்களுக்கு பி12-உம் குறையும், அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பொட்டாசியம், கிரியேட்டினின் இரண்டையும் நாளைக் காலையிலேயே பரிசோதித்துவிட்டு, ரிப்போர்ட்டோடு சிறுநீரக மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். இளநீர் ஏற்கெனவே குடிக்க ஆரம்பித்திருந்தால் அதை அவர் சொல்ல மாட்டார், நீங்கள் சொல்லுங்கள்.