தீவில் ஒதுங்கிய பறவைக் கூட்டத்தின் பாட்டு ஏன் தனியாகப் பிரிந்துபோகிறது?

பாடும் பறவைகளுக்குப் பாட்டு பிறவியிலேயே முழுதாக வந்துவிடுவதில்லை. குஞ்சுப் பருவத்தில் பெரிய பறவைகளைக் கேட்டுத்தான் பழகுகின்றன. கேட்டதில் சின்னப் பிசகு நேர்ந்தால், வெளிப்பறவைகள் வந்து கலக்காத இடத்தில் அந்தப் பிசகே அடுத்த தலைமுறைக்குப் பாடமாகிவிடும். எண்ணிக்கை குறைவு என்றால் இன்னும் மோசம்: ஒரு கிழட்டு ஆண் செத்தால் அதன் மெட்டும் அதோடு போச்சு.

கடல் மட்டும்தான் பிரிக்கும் என்றில்லை, பாட்டே பிரிக்கலாம். பசிபிக் கடலிலுள்ள காலபகோஸ் தீவுக்கூட்டத்தின் டாஃப்னி மேஜர் தீவில் உயிரியலாளர்களான பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973 முதல் ஃபிஞ்ச் குருவிகளைக் கவனித்துவந்தார்கள். 1981-இல் வெளியிலிருந்து ஓர் ஆண் வந்து சேர்ந்தது. பெரிய உடம்பு, தடித்த அலகு, அங்கே எதுவும் பாடாத ஒரு பாட்டு. எப்படியோ உள்ளூர்ப் பெண் ஒன்று அதற்கு ஜோடியானது (ஆச்சரியம்தான்!). மகன்கள் அப்பனிடம் கற்பவை. ஆகவே அவற்றுக்கும் அதே அந்நியப் பாட்டு. பெண் ஃபிஞ்ச்கள் பாட்டையும் அலகையும் வைத்தே துணை தேடுவதால், அந்த வம்சம் தனக்குள்ளேயே ஜோடி சேரத் தொடங்கியது. 2003-இல் தொடங்கிய வறட்சியில் ஓர் அண்ணனும் தங்கையும்தான் மிஞ்சின. அவற்றிலிருந்தே மறுபடி தழைத்தது. முதல் ஆண் 100 கி.மீ.க்கும் அப்பால் அதே தீவுக்கூட்டத்திலுள்ள எஸ்பனோலா தீவுக்காரன் என்பது 2017-இல் வெளியான டிஎன்ஏ ஆய்வில்தான் தெரிந்தது.