140 கிலோவை இறக்கி வைப்பது

அன்புள்ள ஆசிரியருக்கு,

டெக்ஸஸிலிருந்து எழுதுகிறேன். அலுவலக நண்பரின் மகன் கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணியில் லெஃப்ட் டேக்கிள், அதாவது முன்வரிசையில் நின்று எதிராளிகளைத் தடுக்கும் ‘லைன்மேன்’களில் ஒருவன். ஆறரை அடி, 140 கிலோ. இந்த நவம்பரோடு ஆட்டம் முடிகிறது. என்எஃப்எல் என்ற தொழில்முறை லீகில் வாய்ப்பு இல்லை என்று கோச்சே சொல்லிவிட்டாராம். வீட்டில் அவன் வேலையைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். எனக்கு அந்த உடம்பைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது. இவர்களுக்கெல்லாம் பிறகு என்ன ஆகிறது?

சரவணன்

அன்புள்ள சரவணன்,

பயப்பட வேண்டிய இடத்தில்தான் பயந்திருக்கிறீர்கள். கல்லூரியில் ஆடுபவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட என்எஃப்எல்லுக்குப் போவதில்லை. வேறு இடங்களில் ஆடியவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றிவைத்துவிட்டுப் போகலாம். லைன்மேனுக்கு உடம்புதான் தொழில் கருவி, அதைக் கழற்ற முடியாது.

அது தானாக வந்த உடம்பும் இல்லை. பள்ளி முடிக்கும்போது 115, 120 கிலோ இருந்திருப்பான். கல்லூரியில் முதல் ஆண்டு பெரும்பாலும் ரெட்ஷர்ட், அதாவது அணியில் இருந்தும் போட்டிகளில் இறங்காமல் பயிற்சி மட்டும் செய்யும் ஆண்டு. இவன் சேர்ந்த காலத்தில் ஐந்தாண்டில் நான்கு பருவம்தான் ஆடலாம் என்று விதி இருந்ததால், அந்த ஒரு வருடம் ஜிம்மிலும் சாப்பாட்டு மேஜையிலும் போயிருக்கும். நாளுக்கு 5,000, 6,000 கலோரி. பசிக்கிறதோ இல்லையோ, நேரம் வந்தால் சாப்பிட வேண்டும். படுக்கும் முன் ஒரு ஷேக் வேறு. நம் வீடுகளில் இப்படி ஒரு பிள்ளை சாப்பிட்டால் கண்பட்டுவிடும் என்று சுற்றிப்போடுவார்கள்!

ஒரு போட்டியில் சுமார் 70 ஸ்னாப், அதாவது பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கும் தருணங்கள். ஒவ்வொன்றிலும் இடுப்பைத் தாழ்த்தி நின்று, பந்து நகர்ந்ததும் எதிராளியின் மார்பில் இரு கையாலும் அடித்து நிறுத்த வேண்டும். முழங்காலை அந்த எதிராளி கெடுப்பது குறைவு. காலை ஊன்றித் தள்ளிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் சரியும் இன்னொருவன் வெளிப்பக்கமாக மேலே விழுவான். முட்டி உள்ளே மடங்கி, உள்பக்க லிகமெண்ட் கிழியும். பல கல்லூரிகளில் லைன்மேன்களை இரு முட்டியிலும் பிரேஸ் போட்டு இறக்குவது இதற்காகத்தான்.

இரத்த அழுத்தம் சத்தமில்லாமல் ஏறும். ஹார்வர்ட் அணியின் முதலாண்டு வீரர்களை வைத்துச் செய்து 2013-இல் வெளியான ஆய்வில், ஒரே பருவத்தில் லைன்மேன்களின் அழுத்தம் கூடி, இதயச் சுவரும் தடித்திருந்தது. கழுத்து பருத்தால் தூக்கத்தில் மூச்சடைப்பும் வரும். பையன் பலமாகக் குறட்டை விட்டுக் காலையில் தலைவலியோடு எழுகிறான் என்றால் ஸ்லீப் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள்.

எடையை இறக்குவது முடியாத காரியமல்ல. விஸ்கான்சின் பல்கலையில் ஆடி 2007-இல் என்எஃப்எல்லின் கிளீவ்லாண்ட் அணிக்குப் போன லைன்மேன் ஜோ தாமஸ் 10,363 ஸ்னாப் ஒன்றுகூட விடாமல் ஆடியவர். ஓய்வுக்குப் பிறகு 20 கிலோவுக்கு மேல் குறைத்தார். லூசியானா மாநிலப் பல்கலையில் ஆடிய லைன்மேன் ஆலன் ஃபெனெக்கா இன்னும் ஒரு படி மேல்: ஓய்வுக்குப் பிறகு 2014-இல் நியூ ஆர்லியன்ஸ் மாரத்தானை நான்கு மணி நேரத்துக்குள் ஓடி முடித்தார்.

ஆனால் பலர் ஆட்டத்தை விட்டதும் பயிற்சியை நிறுத்துகிறார்கள், தட்டை மட்டும் நிறுத்துவதில்லை. வயிறு பழகிவிட்டது. முதலில் போக வேண்டியது ராத்திரி ஷேக், அடுத்து சர்க்கரை சோடாவும் இரண்டாம் தட்டும். வாரத்துக்கு அரை கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ இறங்கினால் போதும். எடுத்தவுடனே ஓட வேண்டாம், முட்டி தாங்காது. நீச்சல், சைக்கிள், பிறகு நடை. பாரமான ஸ்குவாட்டை நிறுத்திவிட்டு எடையைக் குறைத்து, எண்ணிக்கையைக் கூட்டலாம்.

மூளை வேறு கதை. ஏறக்குறைய ஒவ்வொரு ஸ்னாப்பிலும் தலை லேசாக இடிபடுகிறது, மயக்கம் வராததால் யாரும் எண்ணுவதில்லை. 2017-இல் வெளியான ஆய்வில், தானமாகத் தரப்பட்ட கல்லூரி வீரர்களின் 53 மூளைகளில் 48-இல் சிடிஇ பாதிப்பு, அதாவது தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் மூளைச் சிதைவு, இருந்தது. அறிகுறி உள்ளவர்களின் குடும்பங்களே பெரும்பாலும் தானம் தருகின்றன, ஆகவே எல்லோருக்கும் இதே விகிதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உயிரோடு இருப்பவருக்கு இதை உறுதிசெய்யும் பரிசோதனையும் கிடையாது. கன்கஷன் (தலையில் அடிபட்டு மூளை அதிர்வது) எத்தனை முறை, எப்போது என்று பையன் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

ஒன்றை மட்டும் நண்பரிடம் உடனே சொல்லுங்கள். பையன் ஆடுவது கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான டிவிஷன் ஒன் அணி என்றால், ஆட்டத்தில் பட்ட காயங்களுக்கு வெளியேறிய பின்னும் இரண்டாண்டு மருத்துவச் செலவைக் கல்லூரி ஏற்க வேண்டும் என்பது 2024 ஆகஸ்டிலிருந்து கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதி. தோள், முட்டி, கணுக்கால் எல்லாவற்றையும் கடைசிப் போட்டி முடிந்த கையோடு டீம் டாக்டரிடம் காட்டிப் பதிய வேண்டும், எம்ஆர்ஐ நகல்களையும் கையோடு வாங்கிவிட வேண்டும். பதிவில் இல்லாத வலிக்கு ஒரு வருடம் கழித்துப் போய் நின்றால், அது ஆட்டத்தில் வந்ததுதான் என்று நிரூபிக்கும் வேலை அவன் தலையில் விழும்.